வில்லாளிக்கான சிறப்பு அம்புகள்: புதுப்பிப்பு

பகடை உருட்டி, கதாபாத்திரங்களாக ஆடும் மேசை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பில் எங்கள் குழு வில்லாளிக்கு எந்தச் சிறப்பு அம்பு தரலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் 'ஆரோ ஆஃப் ஸ்லேயிங்' (கொல்லும் அம்பு) என்றீர்கள். கூடுதல் சேதம் ஆறு பத்துமுகப் பகடைகளை உருட்டி வரும் கூட்டுத்தொகை, பிரமாதம்தான். ஆனால் ஒரு குறிப்பிட்ட இனத்துக்கு எதிராக மட்டுமே பலிக்கும். அதை டிராகனுக்கென எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்போது கொடுத்தது 'வாலோப்பிங்' அம்பு. சேதம் சாதாரண அளவுதான். ஆனால் பட்டவர் பலச் சோதனையில் (உடல் வலிமைக்கான பகடை உருட்டலில்) குறைந்தது 10 எடுக்காவிட்டால் கீழே விழுவார். நேற்று பாலத்தில் தப்பி ஓடிய ஓர்க் (அரக்க இனம்) தலைவன் அப்படித்தான் குப்புற விழுந்தான். விழுந்தவனை அருகிலிருந்து தாக்கினால் இரண்டு பகடை உருட்டிப் பெரிய எண்ணை எடுக்கலாம்; வாள்வீரர் உடனே நெருங்கி அப்படியே வெட்டினார். மேசையே ஆர்ப்பரித்தது!

ஒன்று கவனியுங்கள்: விழுந்தவனைத் தூரத்திலிருந்து எய்தால் இரண்டு பகடையில் சிறிய எண்தான் கணக்கு. அதனால் வாள்வீரருக்குச் சற்று முன்னால் வில்லாளியின் முறை வந்தால்தான் முழுப்பலன்.