“வேண்டுமென்றே செய்கிறார்” என்கிறார்கள்: முதியோர் இல்லத்தில் அப்பா

கேள்வி (தக்கலை):
மறதி நோய் உள்ள என் தந்தைக்கு 79 வயது. 8 மாதங்களாக ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். விடியற்காலை 3 மணிக்கு எழுந்து கதவைத் தட்டுகிறார். தடுக்க வந்த பணியாளரை ஒருமுறை கிள்ளியும் விட்டார். அப்பாவின் காதுபடவே பணியாளர்கள் “சல்லியம்” (தொல்லை) என்கிறார்கள், வேண்டுமென்றே செய்வதாகவும் சொல்கிறார்கள். இப்போது தூக்க மாத்திரைக்குச் சம்மதம் கேட்கிறார்கள். நான் என்ன செய்வது?

பதில் (செவிலியர், மார்த்தாண்டம்):
எங்கள் இல்லத்தில் இரவில் 22 பேருக்கு நாங்கள் இருவர்தான். பணி மாறும்போது முந்தைய ஷிப்டுக்காரர் “ஐந்தாம் கட்டில் அடிக்கும், கவனம்” என்று சொல்லிவிட்டுப் போனால், அருகே போவதற்கு முன்பே என் தோள் இறுகிவிடும். பிறகு நான் கையைப் பிடிக்கும் விதத்திலேயே அவரும் மிரண்டுவிடுவார். அடிபட்டவருக்குக் கோபம் வருவதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் வேண்டுமென்றே செய்கிறார் என்று முடிவுகட்டிவிட்டால் யாரும் காரணம் தேடுவதில்லை. உங்கள் தந்தை என்ன வேலை பார்த்தார்?

பதில் (ஓய்வுபெற்ற மருத்துவர், நாகர்கோவில்):
இந்த மாற்றம் சில நாட்களுக்குள் திடீரென வந்ததா என்று முதலில் கேளுங்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சொல்லத் தெரியாத பல்வலி, புதிதாகத் தொடங்கிய மருந்து ஆகியவற்றில் எதுவும் முதியவரை இப்படிக் குழப்பிவிடலாம். மாத்திரையின் பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள். ரிஸ்பெரிடோன், குவெட்டியபின் போன்றவை வெறும் தூக்க மாத்திரைகள் அல்ல, மனநோய்க்கான மருந்துகள். மறதி நோயுள்ள முதியவர்களிடம் இவ்வகை மருந்துகள் இறப்பு அபாயத்தைக் கூட்டுவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே எச்சரித்தது. வேறு வழியே இல்லாதபோது, குறைந்த அளவில், குறுகிய காலத்திற்கு மட்டுமே கொடுக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
ஐயா, திடீரென வந்த மாற்றம் அல்ல; சேர்ந்த நாளிலிருந்தே இப்படித்தான். அப்பா குலசேகரம் பக்கம் 35 ஆண்டுகள் ரப்பர் பால் வெட்டியவர். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு 3 மணிக்கே புறப்பட்டுவிடுவார்.

பதில் (செவிலியர், மார்த்தாண்டம்):
அப்படியென்றால் அவர் வேலைக்குக் கிளம்புகிறார், அம்மா. வெயிலுக்கு முன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும் என்பது அவர் உடம்புக்குத் தெரியும். கதவைப் பூட்டியவர்தான் அவர் கண்ணுக்கு வம்புக்காரர். அந்த நேரத்தில் ஒரு கட்டஞ்சாயா (பால் சேர்க்காத தேநீர்) கொடுத்து, வராந்தாவில் நடக்கவிட்டு, துடைத்து அடுக்க, ரப்பர் பால் பிடிக்கும் சிரட்டைகள் சிலவும் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முன், கிள்ளுப்பட்ட பணியாளரிடம் நீங்களே போய் வருத்தம் தெரிவித்துவிட்டு, அப்பாவின் தொழிலைப் பற்றியும் அவரிடமே சொல்லுங்கள். மேலாளர் வழியாகப் போனால் அது புகாராகத்தான் போய்ச் சேரும். சிறுநீர்ப் பரிசோதனையையும் விட்டுவிடாதீர்கள்.