ஜவ்வரிசியில் சல்பர் டை ஆக்சைடு: காலையில் 75, மத்தியானம் 125 ஏன்?

கேள்வி – ஆத்தூர் சேகோ லேப்
மானியர்-வில்லியம்ஸ் முறையில் (அமிலத்தில் கொதிக்க வைத்து சல்பர் டை ஆக்சைடை வெளியேற்றி அளப்பது) பார்க்கிறோம். ஒரே மூட்டை, காலையில் 75 பிபிஎம் (பத்து லட்சத்தில் 75 பங்கு), மத்தியானம் 125. வரம்பு 100. 50 கிராம் பொடி, 400 மிலி தண்ணீர், 4 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 90 மிலி. நைட்ரஜன் விட்டு 3% பெராக்சைடில் பிடித்து (அங்கே அது கந்தக அமிலமாகும்), நிறங்காட்டியாக மெத்தில் ரெட் போட்டு 0.01 நார்மல் காஸ்டிக் சோடாவில் டைட்ரேஷன் (சொட்டுச் சொட்டாக விட்டு அமிலத்தை அளப்பது). எங்கே தப்பு?

பியூரெட்
காலை, மத்தியானம் என்றாலே கண்டென்சர் (ஆவியைக் குளிரவைக்கும் குழாய்) தண்ணீரைப் பாருங்க. சேலத்து வெயிலில் மொட்டைமாடி டேங்க் தண்ணீர் கை சுடும். அதை விட்டால் அமில ஆவி கண்டென்சரைத் தாண்டி பெராக்சைடில் சேரும், சோடா அதற்கும் செலவாகும். ஐஸ் பெட்டியில் சின்ன பம்ப் வைத்து 5 டிகிரி தண்ணீரைச் சுற்ற விடுங்க. சந்தேகம் தீர, டைட்ரேஷன் முடிந்த கரைசலில் 5 மிலி எடுத்து நைட்ரிக் அமிலமும் சில்வர் நைட்ரேட்டும் இரண்டிரண்டு சொட்டு விடுங்க. வெள்ளையாகத் திரிந்தால் குளோரைடு வந்துவிட்டது. அந்த ரீடிங்கை அடித்துவிடுங்க.

கிழங்குப்பால்
ஜவ்வரிசிக்கு 50 கிராம் அதிகம் சார். கூழாகி அடிப்பிடிக்கும், நைட்ரஜன் குழாய் வாயை அடைக்கும். 25 கிராம் போட்டு மெதுவாகச் சூடேற்றுங்க; அமிலம் ஸ்டார்ச்சை உடைத்ததும் தண்ணியாகிவிடும். பிறகு 1¾ மணி நேரம் கொதி, நிமிடத்துக்கு 200 மிலி நைட்ரஜன். இந்த அளவில் சோடா 1 மிலிக்கு 12.8 பிபிஎம், 7.8 மிலியைத் தாண்டினால் வரம்பு போச்சு.

தொட்டியில் மாவு புளித்திருந்தால் அசிட்டிக் அமிலமும் ஏறி வரும். மீதிக் கரைசலை அமிலமாக்கி பேரியம் குளோரைடு விடுங்க; கந்தகத்தால் வந்த அமிலம் என்றால் வெள்ளையாகக் கலங்கும். சோடா நிறையச் செலவாகியும் லேசாகத்தான் கலங்குகிறதா? கந்தகத்தின் மேல் பழி போடாதீங்க.

புதுசு
இதையெல்லாம் விட்டு, சாம்பிளிலேயே நேரடியாக அயோடின் விட்டு அளந்தால் பத்து நிமிஷ வேலைதானே?

பியூரெட்
இதில் வேண்டாம்ங்க. இவ்வளவு ஸ்டார்ச் இருந்தால் அயோடினை இழுத்துக்கொண்டு முன்னாடியே நீலம் காட்டும், முடிவுப்புள்ளி பிடிபடாது.

கேட்டவருக்கு இன்னொன்று: 75 சரி என்றும் நம்பிவிடாதீங்க. மூட்டுகளில் கசிந்தாலோ நைட்ரஜனில் ஆக்சிஜன் இருந்தாலோ குறைத்துக் காட்டும். 50 மிகி சோடியம் மெட்டாபைசல்பைட்டை 100 மிலி தண்ணீரில் அப்போதே கரைத்து, அதில் 10 மிலியை சாம்பிள் இல்லாமல் ஓட்டுங்க. 10.5 மிலி சோடா ஆகணும். 9.5க்குக் கீழே போனால் மூட்டுகளைக் கழற்றிப் பூட்டுங்க. மெட்டாபைசல்பைட் பழைய பாட்டிலாக இருந்தால் வலு குறைந்திருக்கும், முதலில் அயோடினில் அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்க.