சியு நிம் தாவ்: தொடக்கத்தில் கை குறுக்கே போவது தடுப்பா?

தளர்ந்ததோள்:
விங் சுன்ங்கிற சீனத் தற்காப்புக் கலையோட முதல் வடிவம், அதாவது தனியா செஞ்சு பழகுற அசைவுத் தொடர், சியு நிம் தாவ். அதைச் செஞ்சு காட்டுற காணொளிகள்ல ஒரே தப்பு திரும்பத் திரும்ப வருது. நிலையில நின்னதும் ரெண்டு கையையும் கீழே குறுக்கா இறக்கி, அப்படியே மேலே கொண்டு வர்றோம் இல்லையா? "கீழே வர்ற உதைக்கு ஒரு தடுப்பு, மேலே வர்ற குத்துக்கு ஒரு தடுப்பு"ன்னு விளக்கம் சொல்றாங்க. உதையை அப்படித் தடுத்தா நம்ம முன்கை எலும்பு எதிராளியோட கீழ்க்கால் எலும்புல மோதும், முகம் திறந்து கிடக்கும். மேலே குறுக்கா நிக்கிற கையை எதிராளி ஒரே கையால அழுத்தினா ரெண்டும் சேர்ந்து மாட்டிக்கும். அது தடுப்பே இல்ல. ரெண்டு மணிக்கட்டும் சந்திக்கிற இடம்தான் நடுக்கோடு, அதாவது உடம்பு நடுவுல மேலிருந்து கீழே போற கற்பனைக் கோடு. அதுக்கப்புறம் வர்ற கை அசைவெல்லாம் அந்தக் கோட்டை வச்சுத்தான். இது தெரியாம செய்றவங்க வடிவத்தைச் செய்யல, கையை ஆட்டுறாங்க.

குதிரைநிலை:
தடுப்பு என்ற விளக்கம் தவறு என்பதை ஏற்கிறேன் நண்பரே. ஆனால் தவறான விளக்கத்தோடு ஒருவர் சரியாகச் செய்தால் அந்த வடிவம் அடுத்தவருக்குப் பழுதில்லாமல் போய்ச் சேரும். "எனக்குப் புரிந்துவிட்டது" என்று திருத்துகிறவரிடம்தான் அது தொலைகிறது. முதல் பகுதியில் 'தான் சாவ்' (உள்ளங்கை மேலே பார்க்க நீட்டும் கை) ஒரு முறை, பிறகு 'ஃபூக் சாவ்' (மணிக்கட்டை மடக்கி நீட்டும் கை) மூன்று முறை வருகிறது. 'புத்தருக்கு மூன்று வணக்கம்' என்று அந்தப் பகுதிக்கே பெயர். "ஒரே அசைவு எதற்கு மூன்று தடவை?" என்று கேட்டு ஒன்றாகச் சுருக்குகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் முறை கை தோளின் பலத்தில்தான் போகும். மூன்றாவது முறைக்குள் தோள் களைத்துவிடும், வேலை முழங்கைக்கு இறங்கும். சுருக்கியவருக்கு அது கிடைக்காது. எது சரியான செய்முறை என்ற சந்தேகமே வேண்டாம். விங் சுன்னின் புகழ்பெற்ற ஆசிரியர் இப் மான் 1972இல் செய்து காட்டியது படச்சுருளில் இருக்கிறது.

முழங்கை:
படத்தை ஆதாரமா வைக்கிறது சரி, ஆனா அதுல என்ன இருக்குன்னு பாருங்க. அவர் 1893ல பிறந்தவர். படம் எடுத்தப்போ 79 வயசு, தொண்டைப் புற்றுநோய் வேற. அந்த வருஷம் டிசம்பர் 2ல இறந்துட்டார். கை குறுகலாப் போறதும் வேகம் குறைவா இருக்கிறதும் பாணியா, உடம்பு முடியாததாலயான்னு படம் சொல்லாது. அதைப் பார்த்து இருபது வயசுப் பசங்க கையை முக்கால்வாசியில நிறுத்துறாங்க. போதாததுக்கு, மூணாவது வடிவமான பியு ஜீ அந்தப் படத்துல கிடையவே கிடையாது. அதுக்கு எதைப் பார்ப்பீங்க?

குதிரைநிலை:
வயதும் நோயும் நியாயமான கேள்வி. அதனால்தான் படத்தை அவரிடம் நேரடியாகக் கற்றவர்களின் செய்முறையோடு வைத்துப் பார்க்க வேண்டும். எல்லாரிடமும் ஒன்றுபோல் இருப்பதைத் தொடக் கூடாது. வேறுபடும் இடத்தில் தன் ஆசிரியரைப் பின்பற்ற வேண்டும்.

தளர்ந்ததோள்:
எல்லாரிடமும் ஒன்றுபோல்னா எந்த எல்லார்? சீனாவுல ஃபோஷான் நகரத்துல யுவன் கே சான்ங்கிற ஆசிரியர் வழியில வர்ற சியு நிம் தாவ் வேற மாதிரி இருக்கு. பழைய ஆசிரியர் லியுங் ஜான் கடைசிக் காலத்துல குலாவ் கிராமத்துக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்தது நீள வடிவமே இல்ல, தனித்தனிச் சின்னப் பயிற்சிகள். அதையும் விங் சுன்னுதான் சொல்றோம். இப் மான் வழிக்குள்ளேயே மரப்பொம்மையில பழகுற அசைவுத் தொடரை 108ன்னு எண்ணுறவங்களும் இருக்காங்க, 116ன்னு எண்ணுறவங்களும் இருக்காங்க. அசைவோட வரிசைதான் உயிர்னா இதுல பாதிப் பேரைத் தள்ளிடணும்.

முழங்கை:
வரிசையை விட்டுட்டு கையைத் தொட்டுப் பாருங்க. ஃபூக் சாவ் நீட்டி நிக்கிறவரோட மணிக்கட்டுல உள்ளங்கையை வச்சு, நெஞ்சை நோக்கி நேரா, மெதுவா அஞ்சு நொடி தள்ளுங்க. முழங்கை நடுக்கோட்டுப் பக்கம் உள்ளே இருந்தா, தள்ளுற பலம் முதுகு வழியா இடுப்புக்கு, அங்கேருந்து காலுக்குப் போகும், தோள் அசையாது. முழங்கை வெளியே விரிஞ்சிருந்தா மணிக்கட்டு மடங்கும், தோள் காதை நோக்கி ஏறும். மணிக்கட்டை ஆணி மாதிரி இறுக்கி வளைக்கிறவங்களுக்கு முன்கை முழுக்கக் கல்லாயிடும், அழுத்தம் எந்தப் பக்கம் வருதுன்னே தெரியாது. அப்புறம் சி சாவ்ல, அதாவது ரெண்டு பேர் கையோட கை ஒட்டி வச்சுப் பழகுற பயிற்சியில, எதை உணர்றது?

நிலையும் அப்படித்தான். காலைச் சேர்த்து, முழங்காலை மடக்கி, முதல்ல முன்பாதத்தை வெளியே திருப்பி, அப்புறம் குதிகாலை வெளியே திருப்பினா அகலம் அவங்கவங்க பாத நீளத்துக்கு அமையும். இந்தப் படியைத் தாண்டிட்டு சும்மா அகலமா நிக்கிறவங்க முழங்காலை மட்டும் உள்ளே நெருக்குறாங்க. முழங்கால் கட்டைவிரலைத் தாண்டி உள்ளே சாயுது, உள்பக்கம் வலி வருது. தொடையைத்தான் உள்நோக்கி இழுக்கணும்.

குதிரைநிலை:
நிலையைப் பற்றி நீங்கள் சொன்னதைத்தான் நான் வரிசை என்கிறேன். அந்த இரண்டு திருப்பங்களை "தேவையில்லை" என்று ஒருவர் விட்டதால்தானே முழங்கால் போனது?

தளர்ந்ததோள்:
அதை ஒத்துக்குறேன், அண்ணே. ஆனா அந்தத் திருப்பம் பாத அளவுக்காகன்னு சொல்லிக்கொடுத்திருந்தா அவர் விட்டிருக்க மாட்டார். முழங்கை சொன்ன சோதனையை மூணாவது ஃபூக் சாவ் முடியுற இடத்துல செய்யுங்க. முதல் தடவையில எல்லாருக்குமே தாங்கும். தோள் இன்னும் களைக்கலையே.