கார்பைடு டிரில்லின் மூலைகள் உடைவதற்குக் காரணம் ஸ்பாட் டிரில்லா?

வணக்கம். வி.எம்.சி. (கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் செங்குத்து) இயந்திரத்தில் எஸ்.எஸ். 304 (துருப்பிடிக்காத எஃகு) தகடுகளில் எம்10 டேப்புக்காக (10 மி.மீ. திருகு மரை வெட்டுவதற்காக) 8.5 மி.மீ. கார்பைடு டிரில்லால் துளையிடும்போது, நடுமுனை நன்றாக இருக்க, வெளி மூலைகள் மட்டும் சிறு சில்லுகளாக உடைகின்றன. வேகம் 2250 ஆர்.பி.எம்., ஃபீட் (டிரில் உள்ளிறங்கும் அளவு) சுற்றுக்கு 0.12 மி.மீ.; வெட்டுவேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 60 மீட்டர்தான் என்பதால் அதன் மீது எனக்குச் சந்தேகமில்லை. (வேகம் கூடியிருந்தால் மூலை தேய்ந்து மழுங்கியிருக்கும், இங்கே உடைந்தல்லவா இருக்கிறது.) ரன்அவுட்டும் (சுழலும்போது டிரில் மையம் விலகி ஆடும் அளவு) 0.01 மி.மீ.க்குள் உள்ளது.

என் ஐயம் ஸ்பாட் டிரில்லைப் (துளையிடும் முன் மையத்தில் சிறு பள்ளமிடும் டிரில்) பற்றியது. சேம்ஃபரும் (துளை வாயின் சரிவான விளிம்பு) அதிலேயே வந்துவிட வேண்டும் என்று 90 பாகை ஸ்பாட் டிரில்லால் 10 மி.மீ. அகலத்துக்குப் பள்ளமிடுகிறோம், கார்பைடு டிரில்லின் முனையோ 140 பாகை என்பதால், நடுமுனை பதியும் முன்பே மூலைகள் சரிவில் மோதுகின்றன என்று நினைக்கிறேன். சேம்ஃபரைப் பின்னால் தனியாகச் செய்துகொண்டு, 145 பாகை ஸ்பாட் டிரில்லுக்கு மாறுவதா அல்லது ஸ்பாட் இல்லாமல் நேராகவே துளையிடுவதா என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.