கல்லடி வீட்டுக் குழுவில் றங்குப்பெட்டி விவகாரம்

கல்லடி மாமி: வெள்ளிக்கிழமை மாமாவின் 31ஆம் நாள் காரியம். நாளைக்குப் பந்தல் போட வருகிறார்கள். முன் அறையில் இருக்கிற றங்குப்பெட்டி யாருக்கும் வேண்டுமா? இல்லாவிட்டால் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிடுவேன்.

தர்ஷன்: உள்ளே எல்லாம் பழைய ரெக்கோட் மாமி. படம் போடுகிறேன்.

கல்லடி மாமி: ஐயோ, இதென்ன பேய்ப்படம்! ஐயர் வருகிற நேரம் இது வீட்டில் இருக்கக் கூடாது.

சுதா அக்கா: மாமா கப்பலில் வேலை செய்தபோது கொண்டுவந்தது. சுனாமியில் ஊறின பெட்டி.

தர்ஷன்: அயர்ன் மெய்டன், இங்கிலாந்து ரொக் குழு. பாட்டு ‘ரன் டு த ஹில்ஸ்’.

ரவி மச்சான்: கவனம். இப்படிப் பழைய ரெக்கோட் இலட்சக்கணக்கில் போகுமாம்.

கல்லடி மாமி: எத்தனை இலட்சம்?

சுதா அக்கா: 😂😂

லண்டன் சித்தப்பா: ஒருவரும் தொட வேண்டாம். முதலில் அது எந்த வெளியீடு என்று பார்க்க வேண்டும். அந்தப் பாட்டு சிங்கிளாக, அதாவது தனிப் பாட்டு ரெக்கோட்டாக, மூன்று தடவை வந்தது. முதல் தடவை 1982 பெப்ரவரி. ‘த நம்பர் ஆஃப் த பீஸ்ட்’ ஆல்பம் அடுத்த மாதம்தான். புரூஸ் டிக்கின்சன் பாடகராகச் சேர்ந்த பிறகு வந்த முதல் சிங்கிள், இங்கே பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் 7ஆம் இடம் வரை போனது. 1985இல் வந்தது மேடையில் பாடியது, கலிபோர்னியாவில் லாங் பீச்சில் பதிந்தது. 2002இல் மறுபடி விட்டார்கள், 9ஆம் இடம். தர்ஷன், நடுவில் ஒட்டியிருக்கிற தாளைப் பார். ஈஎம்ஐ கம்பனியின் இலக்கம் 5263 என்றால் 1982. மறுபக்கம் ‘டோட்டல் எக்லிப்ஸ்’ இருக்கும். ‘ஃபேன்டம் ஆஃப் த ஒபரா’ என்றால் 1985.

கல்லடி மாமி: கதிரை நூறு போதுமா?

சுதா அக்கா: காணாது மாமி. ஆரையம்பதி ஆட்களும் வருவார்கள்.

கல்லடி மாமி: அவர்கள் எட்டுக்கே வரவில்லை.

தர்ஷன்: 5263 தெரிகிறது. மறுபக்கம் சேறு.

லண்டன் சித்தப்பா: துடை. மெதுவாக. துணியை நனைத்து.

ரவி மச்சான்: 2002இல் ஏன் திரும்ப விட்டார்கள்? காசு ஆசையா?

லண்டன் சித்தப்பா: இல்லை மருமகன். அந்தப் பாட்டுக்கு டிரம்ஸ் அடித்தவர் கிளைவ் பர். அவருக்கு மல்டிபிள் ஸ்கிளரோசிஸ், நரம்பு வருத்தம். அவருக்காகத் தொடங்கின நிதிக்குப் போகட்டும் என்றுதான் விட்டார்கள். இத்தனைக்கும் அவர் 1982இலேயே குழுவை விட்டுப் போனவர்.

சுவிஸ் அக்கா: விட்டுப் போனவருக்கே செய்திருக்கிறார்கள். இங்கே மதில் கட்டின காசில் ஒரு பங்கு இன்னும் வரவில்லை.

லண்டன் சித்தப்பா: மதில் கதை இங்கே வேண்டாம்.

சுவிஸ் அக்கா: நான் பெயர் சொல்லவில்லையே.

தர்ஷன்: ‘டோட்டல் எக்லிப்ஸ்’தான் சித்தப்பா! எழுத்து தெரிகிறது.

லண்டன் சித்தப்பா: அப்படிச் சொல்லு! அதில் ஒரு கதை இருக்கிறது. ஆல்பத்துக்கு முன்னமே சிங்கிளைக் கொண்டுவர அவசரம். பின்பக்கத்துக்கு ‘டோட்டல் எக்லிப்ஸ்’, ஆல்பத்துக்கு ‘கேங்லேண்ட்’ என்று பிரித்துவிட்டார்கள். மாறிச் செய்திருக்கலாம் என்று மறுகா குழுவைத் தொடங்கின ஸ்டீவ் ஹாரிஸே சொன்னார். 2022இல் 40 வருட நிறைவுக்கு விட்ட ரெக்கோட்டில் ‘கேங்லேண்ட்’டை எடுத்துவிட்டு ‘டோட்டல் எக்லிப்ஸ்’ போட்டார்கள். என்னைக் கேட்டால் 1982இலேயே செய்திருக்க வேண்டிய வேலை.

தர்ஷன்: யூடியூபில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நல்லாத்தான் இருக்கு.

கல்லடி மாமி: சத்தத்தைக் குறை மகன். துக்க வீடு.

ரவி மச்சான்: அதெல்லாம் சரி, விலை?

லண்டன் சித்தப்பா: இலட்சமெல்லாம் கனவு. ஏராளமாக அடித்து விற்ற ரெக்கோட். உறையும் ஊறிப்போயிருக்கிறது.

ரவி மச்சான்: அப்ப மாமியே வைத்திருக்கட்டும்.

சுதா அக்கா: பார்த்தீர்களா ஆளை!

கல்லடி மாமி: எனக்கு வேண்டாம். சுதா, உன் வீட்டுக்கு அனுப்பவா?

சுதா அக்கா: இங்கே நெல் மூட்டைக்கே இடமில்லை மாமி.

தர்ஷன்: இப்போதைக்குக் கிணற்றடிக் கொட்டிலில் வைக்கிறேன்.

லண்டன் சித்தப்பா: மழை பெய்தால்? நான் ஆவணியில் வருவேன், அதுவரைக்கும் உள்ளே வையுங்கள்.

கல்லடி மாமி: போன ஆவணியும் இதைத்தான் சொன்னீர்கள். வாழையிலைக்கு யார் சொல்வது?

ரவி மச்சான்: நான் பார்க்கிறேன். அனேகமாக.

சுவிஸ் அக்கா: சித்தப்பா, ஐயருக்குத் தட்சிணை உங்கள் பொறுப்புத்தானே?

லண்டன் சித்தப்பா: வேலைக்கு நேரமாகிவிட்டது. பிறகு கதைப்போம்.