பேஸ்-எமிட்டர் நடுவே 0.38 வோல்ட்தான், ஆனாலும் டிரான்சிஸ்டர் ஓடுது. எப்படி?

குடியாத்தம்_டிப்ளமோ:
வோல்டேஜ் டிவைடர் பயாஸ் (ரெண்டு ரெசிஸ்டர் சப்ளையைப் பிரிச்சு பேஸுக்கு வோல்டேஜ் கொடுக்கிற சர்க்யூட்), பிரெட்போர்டில் போட்டது. டிரான்சிஸ்டர் பி.சி.547, சப்ளை 12 வோல்ட். பேஸுக்கு மேலே 47 கே (கிலோ ஓம்), கீழே 10 கே, கலெக்டரில் 2.2 கே, எமிட்டரில் 680 ஓம். எல்லாம் 5 சதவீத ரெசிஸ்டர். காலேஜ் லேப் முள் மீட்டரில் கிரவுண்டிலிருந்து அளந்தது: பேஸ் 1.75, எமிட்டர் 1.37 (ரெண்டும் 2.5 வோல்ட் ரேஞ்ச்), கலெக்டர் 7.5 (10 வோல்ட் ரேஞ்ச்). கழிச்சா 0.38. சிலிக்கானுக்கு 0.6க்கு மேல வேணாமா? ஆனா கலெக்டரில் 2 மில்லி ஆம்பியர் ஓடுது. டிரான்சிஸ்டர் மாத்தினாலும் இதே கதைதான்.

காட்பாடி_சர்வீஸ்:
தம்பி, டிரான்சிஸ்டர் மேல குத்தம் இல்ல, மீட்டர் பண்ற வேலை. டயல் ஓரத்துல வோல்ட்டுக்கு 20 கிலோ ஓம்னு போட்டிருக்கா பாருங்க. அப்படின்னா 2.5 ரேஞ்சில் அந்த மீட்டர் ஒரு 50 கே ரெசிஸ்டர். புரோபை பேஸில் வெச்ச உடனே உங்க 10 கே, 8.3 கே ஆயிடுது, பேஸ் 1.75க்கு இறங்குது. அந்த நேரம் எமிட்டரும் கூடவே 1.1க்கு இறங்கியிருக்கும், நீங்க பார்க்கல. புரோபை எமிட்டருக்கு மாத்தினதும் பேஸ் பழைய இடத்துக்கு ஏறிடும். எமிட்டர் பக்கம் தடை வெறும் 50 ஓம் சொச்சம், அதை மீட்டர் அசைக்காது. ஆக 1.75ம் 1.37ம் வேற வேற நிலைமையில எடுத்தது. கழிக்கவே கூடாது.

பேஸை 10 வோல்ட் ரேஞ்சில் வெச்சுப் பாருங்க. இப்போ மீட்டர் 200 கே, 1.95 கிட்ட காட்டணும். ரேஞ்ச் மாத்தினா ரீடிங் மாறுதுன்னா லோடிங்தான் (மீட்டரே கரன்ட் இழுத்து வோல்டேஜை இறக்குறது), வேற ஆராய்ச்சி வேணாம். மீட்டரே இல்லாதப்போ அங்க இருக்கிறது 2.02 பக்கம். 1 மெகா ஓம் உள்ள மலிவு டிஜிட்டல் மீட்டரே இதுக்குப் போதும்.

முள் மீட்டர்தான்னா சிவப்பை பேஸிலும் கறுப்பை எமிட்டரிலும் நேரா வைங்க. 13 மைக்ரோ ஆம்பியர் திருடும், கலெக்டர் கரன்ட் கொஞ்சம் குறையும். ஜங்ஷன் வோல்டேஜ், அதாவது பேஸ்-எமிட்டர் வோல்டேஜ், பெருசா நகராது.

குடியாத்தம்_டிப்ளமோ:
10 ரேஞ்சில் 1.95 வந்தது, நேரா வெச்சா 0.64. நன்றிண்ணா. ரெக்கார்டில் பீட்டாவும் (கலெக்டர் கரன்ட் பேஸ் கரன்டைப் போல எத்தனை மடங்குன்னு) எழுதணும். 47 கேயில் ஓடுறதுலேர்ந்து 10 கேயில் ஓடுறதைக் கழிச்சா பேஸ் கரன்ட் கிடைச்சிடும்தானே?

ராணிப்பேட்டை_அனலாக்:
பேப்பரில் கிடைக்கும், பிரெட்போர்டில் கிடைக்காது. 47 கேயில் 212, 10 கேயில் 202 மைக்ரோ ஆம்பியர்; மிச்சம் 10. உங்க 5 சதவீதமே ஒவ்வொண்ணிலும் 10 மைக்ரோ ஆம்பியர் தப்பு காட்டும். பீட்டா 100ம் வரும், மைனஸிலும் வரும்.

பேஸ் காலுக்குப் போற வயரில் தொடரா இன்னொரு 10 கே போடுங்க. போடுறதுக்கு முன்னாடி அதையும் 2.2 கேயையும் தனியா அளந்து குறிச்சுக்கணும். டிஜிட்டல் மீட்டரை 200 மில்லிவோல்ட் ரேஞ்சில் அந்த 10 கே மேல வைங்க. 94 மில்லிவோல்ட் வந்தா 9.4 மைக்ரோ ஆம்பியர். அப்போ 2.2 கே மேல 4.12 வோல்ட் இருந்தா கலெக்டர் கரன்ட் 1.87 மில்லி ஆம்பியர், பீட்டா 200. அம்மீட்டருக்காக சர்க்யூட்டை வெட்ட வேண்டாம். 10 கே போட்டதால 2 மில்லி ஆம்பியர் 1.87 ஆனது சரிதான், பீட்டா கணக்கை அது கெடுக்காது.

காட்பாடி_சர்வீஸ்:
ரீடிங் பக்கத்துல ரூம் டெம்பரேச்சரையும் எழுதிடுங்க. வேலூர் கத்திரி வெயில்ல லேப் 42 டிகிரிக்குப் போனா, 25 டிகிரி கணக்கை விட ஜங்ஷன் வோல்டேஜ் 34 மில்லிவோல்ட் குறையும், டிகிரிக்கு 2 வீதம். அது 680 ஓம் மேல விழுறதால கரன்ட் 0.05 மில்லி ஆம்பியர் கூடும், கலெக்டர் 0.11 வோல்ட் இறங்கும். அதுக்காக எதையும் மாத்திக்கிட்டு இருக்காதீங்க.