அம்மாவுக்குக் கிளை நூலகத்தில் இடம் உண்டா?

தஞ்சைப்பொண்ணு:
அம்மாவுக்கு 63 வயது. அப்பா போய் ஒரு வருஷம் ஆகிறது, அன்றிலிருந்து மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் விளக்கு வைக்கிற வரைக்கும் டிவி முன்னால்தான். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டை போட்டு வைத்த ஆள் அவர். போன வாரம் ஊர்க் கிளை நூலகத்துக்குக் கூட்டிப்போனேன். முன்னால் பேப்பர் படிக்கும் ஆண்கள், உள்ளே டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் பிள்ளைகள், ஒரு நாற்காலி காலியில்லை. அலமாரி ஓரமாகப் பத்து நிமிஷம் நின்றுவிட்டு "போலாம்மா" என்றுவிட்டார். பெரியவர்களுக்கு, அதுவும் பெண்களுக்கு, நூலகத்தில் ஏதாவது நடத்துகிறார்களா? கேட்டால் செய்வார்களா?

மன்னைவாசி:
தாராளமாகக் கேளுங்கள். உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், சொத்து வரியோடு நூலக வரி என்று 10 சதவீதம் சேர்ந்திருக்கும். 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்ததிலிருந்து இப்படி வரி வாங்குகிறார்கள், நூலகம் நடப்பதே பெரும்பாலும் அந்தப் பணத்தில்தான். எங்கள் மன்னார்குடியில் 1931-லேயே நூலகத் துறை முன்னோடி எஸ்.ஆர்.ரங்கநாதன் யோசனைப்படி மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார்கள். அந்தக் காலத்தில் நூலகமே ஆளைத் தேடிப் போயிருக்கிறது. உங்கள் அம்மா ஒரு நாற்காலி கேட்பதில் என்ன தப்பு?

பழைய நூலகர்:
26 வருஷம் கிளை நூலகத்தில் இருந்தவன், நடைமுறையைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்றைக்குப் போய் ஏமாறாதீர்கள். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து நூலகரிடம் "வாசகர் வட்டம் இருக்கா, யார் தலைவர்?" என்று கேளுங்கள். நூலகத்துக்கு வரும் வாசகர்கள் கூடிப் பேசுகிற குழு அது. பெயருக்காவது ஒரு வட்டம் அநேகமாக இருக்கும், பல ஊர்களில் நவம்பர் 14-ல் நூலக வார விழாவுக்கு மட்டும் கூடும், அதை எழுப்ப ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். முடிந்தால் 1000 ரூபாய் கட்டி அம்மாவைப் புரவலராகச் சேர்த்துவிடுங்கள். வெறும் காசு விஷயமில்லை, அதற்கப்புறம் அவருக்கே இது தன்னுடைய நூலகம் என்று தோன்றும், நானே பலரிடம் பார்த்திருக்கிறேன். நடக்க முடியாமல் போனாலும் நூலக நண்பர்கள் திட்டம் இருக்கிறது, தன்னார்வலர்கள் வீட்டுக்கே புத்தகம் கொண்டுவந்து தருவார்கள். உங்கள் கிளையில் யாராவது பதிந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் நீங்களே பதிந்துகொள்ளலாம்.

பூக்காரத்தெரு:
நாங்கள் புதன்கிழமை மூன்று மணிக்கு ஏழெட்டுப் பெண்கள் கூடுகிறோம். ஒருத்தர் சத்தமாக வாசிப்பார், மற்றவர்கள் கேட்போம். ஆரம்பத்தில் படிக்கிற பிள்ளைகள் சத்தம் என்று முகம் சுளித்தார்கள், நியாயம்தானே, அதனால் நூலகர் பின்பக்கம் பழைய பத்திரிகைக் கட்டு கிடந்த அறையை ஒழித்துக் கொடுத்தார். எங்களில் ஒரு அக்காவுக்கு எழுத்தே தெரியாது. மடியில் முல்லைப் பூவை வைத்துக் கட்டிக்கொண்டே கேட்பார். கதையில் ஏதாவது நடந்தால் கை அப்படியே நின்றுவிடும், வாசிக்கிறவர் அடுத்த பக்கம் திருப்பினால்தான் நார் மறுபடி நகரும். போன மாசம் அவரே "அந்த வரியை இன்னொரு தரம் படி" என்று நிறுத்தச் சொன்னார். உங்கள் அம்மா மாதிரி தொடர்கதை படித்தவர்கள் ஏற்ற இறக்கத்தோடு நன்றாக வாசிப்பார்கள், எங்களுக்கு அப்படி ஒருத்தர் கிடைத்தால் விடமாட்டோம். ஒன்று மட்டும், கழிப்பறை இருக்கிறதா, பூட்டாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எங்கள் நூலகத்தில் சாவி யாரிடம் என்றே ஆறு மாசம் தெரியவில்லை. பெண்கள் வராமல் போவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

கோட்டூர்வாசகன்:
சென்னைப் பக்கம் வந்தால் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். தரைத்தளத்திலேயே பிரெய்லி பிரிவு இருக்கிறது, சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கவும் தனி இடம். மதுரை என்றால் 2023-ல் திறந்த கலைஞர் நூலகம். ஆனால் தினசரிக்கு உங்கள் ஊர்க் கிளைதான், அதை விட்டுவிடாதீர்கள்.

தஞ்சைப்பொண்ணு:
எல்லோருக்கும் நன்றி. இன்று மத்தியானம் தனியாகப் போய் நூலகரைப் பார்த்தேன். வாசகர் வட்டம் இருக்கிறதாம், கூடி இரண்டு வருஷம் ஆகிறதாம். செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கு ஓரமாக ஒரு மேசை ஒதுக்கித் தருகிறேன் என்றார். கழிப்பறைச் சாவி ஆணியில் தொங்குகிறது, அதையும் பார்த்துவிட்டேன். அம்மாவிடம் சொன்னதும் "நான் எங்கே" என்றுதான் ஆரம்பித்தார். அப்புறம் பரணில் இருக்கும் தைத்த கட்டை இறக்கித் தரச் சொன்னார். பூக்காரத்தெரு அக்கா, முதல் நாள் எதை வாசித்தீர்கள்?